‘கல்லு இருக்குமா மேடம்?’

கேள்வி: தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தலைமைச் செயல் அலுவலராக இருக்கிறேன். வயது 31. மலையடிவார ஊர்களில் சாமையும் கேழ்வரகும் வாங்கிச் சுத்தம் செய்து, சாமை அரிசியாகவும் ராகி மாவாகவும் பாக்கெட் போடுகிறோம். போன மாதம் பெங்களூரில் ஒரு சூப்பர் மார்க்கெட் குழுமத்தின் கொள்முதல் ஆட்களைச் சந்திக்க 15 நிமிடம் கிடைத்தது. 28 ஸ்லைடு தயார் செய்துகொண்டு போனேன். ஆறாவது ஸ்லைடிலேயே ஒருவர் போனை எடுத்துவிட்டார். நடுவில் மூத்தவர் ஒருவர், “கல்லு இருக்குமா மேடம்?” என்று கேட்டார். “அதுக்கு வரேன் சார், தரம் பத்தித் தனியா ஸ்லைடு இருக்கு” என்றேன். அது 21-ஆவது ஸ்லைடு. 17-இல் நேரம் முடிந்துவிட்டது. “மெயில் அனுப்புங்க, பார்க்கிறோம்” என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் பங்குதாரர் விவசாயிகள் முன்னால் ஒரு மணி நேரம்கூடப் பேசுவேன், யாரும் எழுந்து போனதில்லை. ஏசி அறைக்குள் போனால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வேகமாகப் பேசிவிடுகிறேன். இங்கிலீஷும் தடுமாறுகிறது. அடுத்த மாதம் கிருஷ்ணகிரியில் வாங்குவோர் விற்போர் சந்திப்பு இருக்கிறது, ஆளுக்குப் பத்து நிமிடம். அதற்குள் ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேரலாமா? 18,000 ரூபாய் கேட்கிறார்கள். உடல்மொழிதான் 93 சதவீதம் என்கிறார்கள். என் ஸ்லைடுகளையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

18,000 ரூபாயை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்லைடுகளை ஒரு முறை பார்த்தேன், இரண்டாவது முறை பார்க்கப் பொறுமை இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த பெங்களூர்க்காரர் போனை எடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த இடம் ஒன்று இருக்கிறது. “கல்லு இருக்குமா மேடம்?” அன்றைக்கு அந்த அறையில் உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு அந்த ஒரு கேள்விதான். அவர் வாங்க நினைத்ததால் கேட்டார். வாங்க நினைக்காதவர் கல்லைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்? நீங்கள் “அதுக்கு வரேன்” என்று அவரை வரிசையில் நிற்க வைத்துவிட்டீர்கள்.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன், உங்களைவிட மோசமாக. 1996-இல் ஒரு சொட்டுநீர்ப் பாசன நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்புக்காரர்கள் நாற்பது பேர் வந்திருந்த கூட்டம். அப்போது பவர்பாயின்ட் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. கண்ணாடித் தாளில் எழுதி விளக்கொளியில் திரைக்கு ஏற்றும் ஓ.எச்.பி. மெஷின்தான். 42 தாள் வைத்திருந்தேன். குழாயில் நீர் அழுத்தம் எப்படிக் குறைகிறது, வேருக்கு ஈரம் எப்படிப் பரவுகிறது, மேல்நாட்டில் எத்தனை ஆண்டாக இருக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. பத்தாவது தாளில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கை தூக்கினார். “வெயில் காலத்துல எலி தண்ணிக்குக் குழாயைக் கடிக்குமே தம்பி, அதுக்கு என்ன பண்ணுவீங்க?”

என்னிடம் எலிக்குத் தாள் இல்லை. “அதெல்லாம் பெரிய பிரச்சினை இல்லைங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் பதினோராவது தாளை வைத்தேன். கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. அப்புறம் கரன்ட்டும் போனது, அது வேறு கதை. மீதி முப்பது தாளை நான் சுவருக்குத்தான் காட்டினேன். அன்று ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. எலி கடிக்கிற குழாயை எலியைத் தெரியாதவன் விற்க வந்தால் யார் வாங்குவார்கள்?

அடுத்த மாதம் காவேரிப்பட்டணம் பக்கம் இன்னொரு கூட்டம். தாள்களை ஆபீசிலேயே விட்டுவிட்டு, நிஜமாகவே எலி கடித்த குழாய்த் துண்டு ஒன்றை ஒரு தோப்பில் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். வணக்கம் சொன்ன கையோடு அதை உயர்த்திக் காட்டி, “இதைப் பார்த்திருக்கீங்களா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பாக்கெட்டில் இருந்து கத்தியை எடுத்துக் கடிபட்ட இடத்தை நறுக்கினேன். ஒரு ஜாயினரை இரண்டு பக்கமும் சொருகி அழுத்தினேன். முன்வரிசையில் இருந்தவரிடம் கொடுத்து, “இழுத்துப் பாருங்க” என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துண்டு கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசை வரைக்கும் போனது. அது திரும்பி வருவதற்குள் மூன்று பேர் ஜாயினர் என்ன விலை என்று கேட்டுவிட்டார்கள். போர் தண்ணியில் உப்பு இருந்தால் துளை அடைக்குமே என்றார் ஒருவர். அதையும் அங்கேயே பேசினோம். வேரில் ஈரம் எப்படிப் பரவும் என்று யாரும் கேட்கவில்லை. வாங்கி மாட்டிய பிறகு அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

என் குரல், என் சட்டை, நான் நின்ற விதம் எதுவும் அந்த ஒரு மாதத்தில் மாறியிருக்கவில்லை. எதிரில் இருப்பவர் மனதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த கேள்வியை முதலில் எடுத்தேன், அவ்வளவுதான். உங்களுக்கும் நான் சொல்ல வந்தது இதுதான். மீதியெல்லாம் இதை எப்படிச் செய்வது என்ற விவரம்.

உங்கள் ஸ்லைடுகளுக்கு வருகிறேன். மூன்று முதல் ஏழு வரை சிறுதானிய ஆண்டு. இந்தியா முன்மொழிந்து, ஐ.நா. 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, அதே ஆண்டு நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லாம் உண்மைதான், நமக்குப் பெருமைதான். ஆனால் சூப்பர் மார்க்கெட் கொள்முதல் மேலாளருக்கு இது தெரியாதா? சிறுதானியத்துக்கு என்று தனி அலமாரி ஒதுக்கியவரே அவர்தான். எட்டு முதல் பதினொன்று வரை நிறுவன வரலாறு, இயக்குநர்கள் படம். பன்னிரண்டு முதல் பதினாறு வரை சத்து அட்டவணை, அதுவும் பின்வரிசைக்குத் தெரியாத எழுத்தில். 26-இல் விலை. 28-இல் ‘நன்றி’, கூடவே ரோஜாப்பூ. இந்த 28-ஐயும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரிகிறது: உங்கள் நிறுவனம் எப்படி வளர்ந்ததோ அந்த வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள். அவர் எந்த வரிசையில் முடிவெடுப்பார் என்று யோசிக்கவில்லை.

அவர் வரிசை என்ன? நானே பல வருடம் கொள்முதல் ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். கல், உமி இருந்து வாடிக்கையாளர் திட்டுவாரா? பூச்சி வைத்துத் திரும்பி வருமா? மாதாமாதம் தவறாமல் சரக்கு வருமா, இல்லை முதல் இரண்டு மாதம் கொடுத்துவிட்டு “இந்த வருஷம் மழை இல்லைங்க” என்பார்களா? எனக்கு என்ன மார்ஜின், எத்தனை நாள் கடன்? விற்காததைத் திரும்ப எடுப்பீர்களா? இந்த ஐந்துக்குப் பதில் தெரிந்த பிறகுதான் சாமையில் நார்ச்சத்து எவ்வளவு என்று அவருக்குக் காது திறக்கும். அதுவும் பாக்கெட் பின்னால் அச்சடித்திருந்தால் போதும்.

ஆகவே கிருஷ்ணகிரிக்கு இப்படிப் போங்கள். இரண்டு தட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. பிரிக்காத உங்கள் அரைக் கிலோ பாக்கெட் ஒன்று. கத்தரிக்கோல். உங்கள் முறை வந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, பாக்கெட்டை அவர்கள் கையில் கொடுத்து அவர்களையே வெட்டச் சொல்லுங்கள். நீங்கள் வெட்டினால் ‘பார்த்துப் பொறுக்கியது’ என்ற சந்தேகம் வரும். இரண்டு தட்டிலும் ஒவ்வொரு கைப்பிடி கொட்டுங்கள். வெள்ளைத் தட்டில் கறுப்புக் கல் தெரியும். கறுப்புத் தட்டில் உமியும் வெளுத்த கல்லும் தெரியும். நம் பாட்டிமார்கள் முறத்தில் புடைத்துவிட்டு விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்ப்பார்களே, அப்படி ஒருமுறை விரலால் பரப்பிக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்: “சார், சாமைன்னா எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது கல்லுதான். இதுல தேடிப் பாருங்க.”

அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். பத்து விநாடி சும்மா நிற்பது பத்து நிமிடம் மாதிரி இருக்கும். பேச்சை இட்டு நிரப்பாதீர்கள். அவர் தலை குனிந்து தட்டைப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவரும் எட்டிப் பார்ப்பார். போன் மேசைக்குப் போய்விடும், ஏனென்றால் அந்தக் கை தட்டில் இருக்கும்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. போவதற்கு முன்னால் உங்கள் கிடங்கில் எந்த மூட்டையில் இருந்தும், எந்த நாள் பேக் செய்ததில் இருந்தும் எடுத்து, இதே சோதனையை இருபது பாக்கெட்டுக்குச் செய்து பாருங்கள். ஒன்றில் கல் வந்தாலும் கிருஷ்ணகிரிக்குத் தட்டு கொண்டுபோக வேண்டாம். கல் நீக்கும் மெஷினின் சரிவையும் காற்றையும் சரி பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். சரக்கில் கல் இருந்தால் எந்தப் பேச்சுப் பயிற்சியும் உதவாது, நானும் உதவ மாட்டேன்.

கல் முடிந்ததா, அடுத்தது சரக்கு வரத்து. “மாதம் 4 டன் வரை கொடுக்க முடியும்” என்று 23-ஆவது ஸ்லைடில் போட்டிருக்கிறீர்கள். டன் உங்கள் கிடங்கின் கணக்கு. கடைக்காரர் டன்னில் யோசிப்பதில்லை. 4 டன் என்றால் அரைக் கிலோ பாக்கெட் 8,000. அவருக்கு 20 கடை இருக்கிறது என்று வையுங்கள், கடைக்கு 400. மாதத்துக்கு 30 நாள், ஆக ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 13 பாக்கெட். “சார், உங்க ஒவ்வொரு கடையிலயும் தினம் 13 பாக்கெட் வித்தாலும் எங்களால நிக்காம கொடுக்க முடியும்.” இப்போது அவர் மனதில் அலமாரி தெரிகிறது. 13 போகுமா, ஐந்துதான் போகுமா என்று அவரே கணக்குப் போடத் தொடங்குவார். அவர் கணக்குப் போடத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எத்தனை கடை என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். சந்திப்பை நடத்துபவர்களுக்கு ஒரு போன் போட்டால் யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

இன்னொன்றும் செய்யுங்கள். வருகிற குழுமத்தின் கடை ஏதாவது ஒன்றுக்குச் சாதாரண வாடிக்கையாளராகப் போய், சிறுதானிய அலமாரி முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். எந்த பாக்கெட்டை எடுக்கிறார்கள், எதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைக்கிறார்கள், எது தூசு படிந்து கிடக்கிறது என்று பாருங்கள். போட்டிக் கம்பெனி பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து வீட்டில் தட்டில் கொட்டிக் கல்லை எண்ணுங்கள். அதைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது, அடுத்தவர் சரக்கைக் குறை சொல்லி நம் சரக்கு விற்காது. ஆனால் உங்களுக்குள் ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியத்துக்கு எந்த வகுப்பிலும் பாடம் இல்லை.

மூன்றாவது, உங்கள் குறையை நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் சாமை அரிசி தவிடு முழுக்கப் போகாதது. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருக்கும். நாள் ஆக ஆகச் சிக்கு வாடை அடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். வெள்ளை வெளேரென்று பாலிஷ் போட்ட அரிசி அளவுக்கு இது தாங்காது. இது அவருக்குத் தெரியும். நீங்கள் மறைத்தால் அவர் கேட்பார், கேட்டால் நீங்கள் தடுமாறுவீர்கள். நீங்களே எடுத்து வையுங்கள்: “சார், இது தவிடோட இருக்கிறதால ரொம்ப நாள் வெச்சு விக்க முடியாது. அதனால மொத்தமா அனுப்பாம பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் புதுசா அரைச்சு அனுப்புறோம். தேதி போனதை நாங்களே எடுத்துக்கிறோம்.” எத்தனை நாள் தாங்கும் என்ற எண்ணை உங்கள் கிடங்கில் வைத்துப் பார்த்துத் தேதியோடு எழுதி வைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்றைக்கே நான்கு பாக்கெட்டில் தேதி எழுதி வைக்கத் தொடங்குங்கள். குறையைத் தானே சொல்லுகிற ஆள் சொன்ன விலையை அவ்வளவாகப் பேரம் பேச மாட்டார்கள். இது என் அனுபவம், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலையை 26-ஆவது ஸ்லைடுக்குத் தள்ளியதற்கு வெட்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நம் பக்கத்து ஆட்களுக்கு அது உண்டு. காசு பேசுவது என்றால் கடைசியில், எழுந்து செருப்பு போடும்போதுதான் பேசுவோம். இங்கே ஆறாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.பி. இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு, கடன் இத்தனை நாள். சொன்ன பிறகு “பார்த்துப் பண்ணலாம் சார்” என்று நீங்களே இழுக்காதீர்கள். மீதி நான்கு நிமிடம் அவர்கள் பேசட்டும்.

அப்படியானால் ஸ்லைடே வேண்டாமா? ஐந்து போதும். கொல்லைக்காட்டில் சாமைக்கதிர் நிற்கிற படம் ஒன்று, எழுத்தே இல்லாமல். உங்கள் மில்லின் உள்பக்கம் ஒன்று, மெஷினோடு ஆட்களும் தெரிகிற மாதிரி. 13 பாக்கெட் கணக்கு ஒன்று. விலையும் கடன் நாளும் ஒன்று. கடைசியாக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்), உங்கள் போன் எண், எந்தக் கிழமை லாரி கிளம்பும் என்பது. அந்தக் கடைசி ஸ்லைடையே கேள்வி நேரம் முழுக்கத் திரையில் விட்டுவிடுங்கள். ரோஜாப்பூவுக்கும் நன்றிக்கும் இடம் இல்லை, நன்றியை வாயால் சொல்லலாம். எழுத்தின் அளவு 30 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். ஸ்லைடில் எழுதியிருப்பதைப் பார்த்து வாசிக்கவே வேண்டாம். மனிதன் ஒரே நேரத்தில் ஒரு வாசகத்தைப் படித்துக்கொண்டு இன்னொரு குரலையும் கேட்க முடியாது, இரண்டும் மோதும். அவர் உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு, நீங்கள் வந்து சேர்வதற்காகக் காத்திருப்பார். காத்திருக்கும்போது கை போனுக்குப் போகும். பெங்களூரில் ஆறாவது ஸ்லைடில் நடந்தது இதுதான்.

இதே ஐந்து ஸ்லைடை வங்கிக்கு எடுத்துப் போகாதீர்கள். வங்கி மேலாளருக்குக் கல் பிரச்சினை இல்லை, தவணை திரும்புமா என்பதே பிரச்சினை. அவருக்கு வேறு தட்டு. அதை இன்னொரு நாள் எழுதுங்கள், சொல்கிறேன்.

இனி உங்கள் பயம். விவசாயிகள் முன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஸ்லைடு கொண்டுபோகிறீர்களா? நிச்சயமாக இல்லை. எழுந்ததும் என்ன சொல்கிறீர்கள் என்று நான் ஊகிக்கட்டுமா? “இந்த வாரம் சாமை கிலோ இவ்வளவு, பணம் வெள்ளிக்கிழமை அக்கவுண்ட்ல விழும்.” சரிதானே? அவர்கள் மனதில் இருக்கிற கேள்வியில் தொடங்குகிறீர்கள், அதனால் யாரும் எழுந்து போவதில்லை. உங்களுக்குப் பேசத் தெரியும். ஏசி அறைக்குள் போனதும் அதை வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, வேறு யாரோ மாதிரிப் பேசப் பார்க்கிறீர்கள்.

நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது போயிருப்பீர்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், ராத்திரி கூத்து. சின்ன வயதில் நான் கூத்துக்காகத்தான் போவேன். இப்போது பிரசங்கியாரைத்தான் உட்கார்ந்து கவனிக்கிறேன். பந்தலில் பாதிப் பேர் களை எடுத்துவிட்டு வந்த பெண்கள், குழந்தைகள், கதையை முப்பது முறை கேட்ட கிழவர்கள். அவர் கையில் காகிதம் இருக்காது. நேற்று எங்கே விட்டோம் என்று கூட்டத்திடமே கேட்பார். யாரோ ஒரு பாட்டி பதில் சொல்லும். அந்தப் பதிலில் இருந்துதான் இன்றைய கதை கிளம்பும். தருமர் சூதாடிச் சொத்தை இழந்தார் என்று சொல்லும்போது, போன வருடம் ஊரில் யாரோ சீட்டாட்டத்தில் நிலத்தை விட்ட கதை பந்தலில் எல்லோருக்கும் ஞாபகம் வரும்படி ஒரு நிறுத்து நிறுத்துவார். பெயர் சொல்ல மாட்டார். அர்ச்சுனன் தபசு அன்று பாருங்கள். மரத்தின் மேல் ஏறியவர் பாடிக்கொண்டே எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் கீழே போடும்போது, அதுவரை கதை பேசிக்கொண்டிருந்த மொத்தக் கூட்டமும் அண்ணாந்து மடியை ஏந்தும். கைக்கு ஒரு பொருள் வரப்போகிறது என்றால் மனிதன் விழித்துக்கொள்கிறான். தட்டில் சாமையைக் கொட்டச் சொன்னதும் இதற்குத்தான்.

வேகமாகப் பேசுவது பயத்தால் வருவது. உடம்பு ஓடத் தயாராகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, நாக்கு உலர்கிறது. இது எனக்கு இன்றைக்கும் உண்டு, முதல் இரண்டு நிமிடம். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குகிற லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்குபவர்கள்தான் கீழே போய் முட்டுவார்கள். கியரைக் குறைத்து இறங்குபவர் மெதுவாகப் போனாலும் வீட்டுக்குப் போய்ச் சேருவார். பேசுவதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள், நான்கைந்து முறை. படபடப்பு கொஞ்சம் தணியும். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் விட்டுப்போனதும் மொத்தமும் கவிழும். ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தொண்டைக்கு மட்டும் இல்லை, குடிக்கிற நேரத்தில் யோசிக்கலாம்.

இங்கிலீஷ் விஷயத்தில் ஒரே வரி: கிருஷ்ணகிரிக்கு வருகிற கொள்முதல் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழோ தெலுங்கோ கன்னடமோ தெரியும். தமிழில் தொடங்குங்கள், புரியாதவர் இருந்தால் அவர் முகம் சொல்லும். விலையும் தேதியும் இங்கிலீஷில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த 93 சதவீதம். இதைச் சொல்லாத பயிற்சியாளர் இல்லை. என் தொழிலில் இருக்கிறவர்களே பிழைப்பைக் கெடுக்கிறேன் என்பார்கள், பரவாயில்லை. 1967-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் செய்த சில சோதனைகளில் இருந்து பிடுங்கப்பட்ட எண் அது. ஒருவர் சொல்லும் சொல் ஒன்றாகவும் குரலும் முகமும் வேறாகவும் இருந்தால், அவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து எடைபோடுவோம் என்றுதான் அவர் பார்த்தார். வியாபாரப் பேச்சை அவர் அளக்கவில்லை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சொல் வெறும் 7 சதவீதம்தான் என்றால், நீங்கள் கிருஷ்ணகிரியில் ஜப்பான் மொழியில் விலை சொன்னாலும் 93 சதவீதம் புரிந்திருக்க வேண்டும். நேராக நில்லுங்கள், கேட்பவர் முகத்தைப் பாருங்கள், கையைப் பின்னால் கட்டாதீர்கள். உடல்மொழி இவ்வளவுதான், 18,000 ரூபாய்க்கு இல்லை.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. மில்லில் சாமை புடைக்கிற அக்காமார்களை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார வைத்து இதே பேச்சைப் பேசிக் காட்டுங்கள். அவர்களைப் போல இரக்கமில்லாத பார்வையாளர்கள் பெங்களூரில் கிடைக்க மாட்டார்கள். “என்ன கண்ணு, நம்ம சாமையைப் பத்தி நமக்கே புரியாத மாதிரி பேசுற?” என்று யாராவது ஒருத்தர் கேட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, அது எல்லோருக்கும் அப்படித்தான். எத்தனை முறை “வந்து”, “ஆக்சுவலா” வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள். அப்புறமும் ஆசை இருந்தால், 1924-இல் அமெரிக்காவில் தொடங்கி உலகம் முழுக்க நடக்கிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் பெங்களூரில் நிறைய இருக்கின்றன. வாராவாரம் எழுந்து பேச வாய்ப்புக் கிடைக்கும், செலவும் இந்த வகுப்பு அளவுக்கு ஆகாது.

சாமைப் பொங்கல் செய்து ஹாட்பாக்ஸில் கொண்டுபோகலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் கேட்டிருக்கிறீர்கள். கொண்டுபோங்கள், ஆனால் பேசி முடித்த பிறகு திறங்கள். முதலிலேயே திறந்தால் நெய் வாசம்தான் பேசும், நீங்கள் பேச முடியாது. கரண்டி மறக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்த மறுநாள் அவர்கள் “மெயில் அனுப்புங்க” என்று சொல்லியிருந்தாலும் மெயிலோடு நிற்காதீர்கள். அரைக் கிலோ பாக்கெட் இரண்டைக் கூரியரில் அவர் வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டு, சம்மதித்தால் அனுப்புங்கள். ஆறாம் நாள் போன் செய்யுங்கள். ஆர்டர் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காமல், “வீட்ல சமைச்சுப் பார்த்தாங்களா சார், கல்லு ஏதாவது இருந்துதா?” என்று கேளுங்கள். அந்த பெங்களூர்க்காரருக்கும் இப்படியே ஒரு போன் போடலாம். “நீங்க அன்னிக்குக் கல்லு பத்திக் கேட்டீங்க, நான் பதில் சொல்லாம வந்துட்டேன்” என்று தொடங்கினால் அவர் கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கறுப்புத் தட்டு மெலமைனில் வாங்குங்கள், பளபளப்பு இல்லாததாக. பளபளத்தால் டியூப்லைட் வெளிச்சம் அடித்து உமி தெரியாது.